அட்வகேட் ஜெனரல் சொன்ன ஊர்

உட்கார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இந்தப் பக்கம் வா. எனக்கு வலது காதுதான் கொஞ்சம் கேட்கும்.

நீ யாரென்று வாட்ச்மேன் சொல்லத் தேவையில்லை. பாவாயி மகள். கோகிலவாணி. சரிதானே? முகம் அப்படியே அவள்தான். நெற்றி மட்டும் வேறு. அது உன் அப்பனுடையதாக இருக்கும். போட்டோவில் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்ததில்லை. நேரில் பார்க்க முடியவில்லை என்பதுதான் மொத்த வழக்குமே.

எதற்கு வந்திருக்கிறாய் என்றும் தெரியும். போனிலேயே சொல்லிவிட்டாய். உன் அம்மா இந்தத் தீபாவளிக்கும் சோலாப்பூர் கிளம்புகிறாள். அறுபத்தாறு வயது. இடுப்பு எலும்பில் கம்பி வைத்திருக்கிறது. ரயிலில் ஏறவே கூடாது என்கிறார் டாக்டர். அப்பா செத்துப்போய்விட்டார் என்று நீ சொன்னால் அடிக்க வருகிறாள். 'அந்தப் பெரிய ஐயா சொல்லட்டும், நம்பறேன்' என்கிறாள். நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதானே உன் மனு?

முடியாது என்று போனிலேயே சொன்னேன். அப்படியும் பஸ் ஏறி வந்திருக்கிறாய். பிடிவாதம் உன் குடும்பத்துக்கே உண்டு.

வந்துவிட்டாய். கேள். நடுவில் பேசாதே. பதினாறு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்கள் நடுவில் பேசுவதைக் கேட்டவன் நான். போதும்.

மார்க்கசகாயம் என்றால் இன்றைக்கு எவனுக்கும் தெரியாது. தெரியாவிட்டால் பரவாயில்லை. நாற்பத்தெட்டு வயதில் இந்த மாநிலத்துக்கு அட்வகேட் ஜெனரல். அடுத்த வருஷம் ஹைகோர்ட் ஜட்ஜ். ஒன்பது வருஷம். பிறகு வடக்கே ஒரு மாநிலத்தில் தலைமை நீதிபதி. அறுபதில் டெல்லி, சுப்ரீம் கோர்ட். அறுபத்தைந்தில் வீடு. இதில் ஒரு கறை கிடையாது. எவனிடமும் ஒரு தேங்காய் மூடி வாங்கியதில்லை. இதை நீ எழுதிக்கொள்ளலாம். எழுதவில்லையா? சரி, மனதில் வை.

அட்வகேட் ஜெனரல் என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது. அரசாங்கத்தின் முதல் வக்கீல். அரசாங்கம் கோர்ட்டில் வாயைத் திறந்தால் அது அவன் வாய். மற்ற வக்கீல் எதைச் சொன்னாலும் பின்னால் பேப்பர் வேண்டும், சத்தியப் பிரமாணம் வேண்டும், கையெழுத்து வேண்டும். அட்வகேட் ஜெனரல் எழுந்து 'இது இப்படித்தான்' என்றால் பெஞ்சு பேப்பர் கேட்காது. கேட்கிற வழக்கமில்லை. கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் அவமானம். அவன் சொன்னதை அப்படியே பதிவு செய்துகொள்வார்கள். அந்தப் பதவியே அந்த ஒரு நம்பிக்கைதான். சுழல்விளக்குக் கார் எல்லாம் சும்மா.

இப்போது உன் அம்மா வழக்கு.

ஆட்கொணர்வு மனு. என் புருஷனைப் போலீஸ் கூட்டிப் போனது, ஆளைக் கொண்டுவந்து காட்டு. காவேரிக் கரையில் தறிக்காரர்கள் ஊர். கூலித் தகராறு. ஸ்டிரைக் நடக்கும்போது ஒரு நூல் குடோன் எரிந்தது. உன் அப்பன் அங்கண்ணனை விசாரிக்க வேண்டும் என்று டீக்கடையிலிருந்து கூட்டிப் போனார்கள். கையில் இருந்த டீயைக் குடித்து முடிக்கிற வரை நின்றார்களாம். மனுவில் அது எழுதியிருந்தது. சட்டத்துக்கு அந்த வரி தேவையே இல்லை. எந்த மடையன் எழுதினானோ. அந்த வழக்கில் மற்ற வரியெல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

வழக்கு வந்த அன்று காலை டி.எஸ்.பி. என் அறைக்கு வந்தான். நல்ல உயரம். பூட்ஸில் முகம் பார்க்கலாம்.

"ஆள் எங்கே?" என்றேன்.

"நம்ம கஸ்டடியில இல்லீங்க சார். அன்னிக்குச் சாயங்காலமே அனுப்பிச்சாச்சு."

"அப்புறம்?"

"வெளியூர் எங்கயாச்சும் போயிருக்கலாம் சார்."

"உயிரோடு இருக்கிறானா?"

தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "பெட்டிஷன்ல அதக் கேக்கலியே சார்" என்றான். சிரித்தான்கூட, கொஞ்சம்.

உண்மைதான். மனுவில் கேட்கவில்லை. ஆளைக் காட்டு என்றுதான் கேட்டிருந்தார்கள். நான் பேப்பரைப் புரட்டினேன். குமாஸ்தா வந்து, நம்பர் கூப்பிடப் போகிறார்கள் என்றான். கவுனை மாட்டிக்கொண்டு நடந்தேன். இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். நேரமில்லை. நேரமில்லை என்றே வைத்துக்கொள்.

பெஞ்சில் இரண்டு பேர். மூத்தவர் பழைய காலத்து மனிதர். என்மேல் பிரியம். உன் அம்மாவின் வக்கீல் ஒரு சின்னப் பையன் மாதிரி, கோட்டில் ஒரு பொத்தான் இல்லை, பேப்பரைப் பார்த்துப் பார்த்து ஏதோ பேசினான். மூத்தவர் அவனை நிறுத்தச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். இங்கிலீஷில்தான். "அட்வகேட் ஜெனரல் அவர்களே, அந்த மனிதன் உயிரோடு இருக்கிறானா?"

எழுந்தேன். "இருக்கிறான், மை லார்ட்."

"எங்கே?"

"சோலாப்பூரில். தறி வேலையில்."

"நல்லது. அட்வகேட் ஜெனரல் கூறியது பதிவு செய்யப்படுகிறது. மனு முடிக்கப்படுகிறது."

நாலு நிமிஷம். அடுத்து ஒரு பஸ் பெர்மிட் கேஸ். அதிலும் நான்தான் ஆஜர். அதிலும் ஜெயித்தேன்.

அப்படிப் பார்க்காதே. எனக்குக் கிடைத்த தகவலைச் சொன்னேன். வெளியூர் என்று தகவல். சோலாப்பூர் வெளியூர்தானே?

வெளியே வந்தால் வராந்தாவில் உன் அம்மா. அவளுக்கு உள்ளே பேசியது ஒன்றும் புரியவில்லை. அந்தச் சின்ன வக்கீலின் குமாஸ்தாதான் தமிழில் சொல்லியிருக்கிறான். உன் புருஷன் உசுரோட இருக்கானாம், பெரிய வக்கீல் சொல்லிட்டார் என்று. அவள் கேஸ் தோற்றுவிட்டது. அவளுக்கு அது தெரியவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். ஓடிவந்து அத்தனை பேர் நடுவில் என் காலில் விழுந்தாள். "என்ற தாலியக் காப்பாத்திக் குடுத்தீங்க சாமி" என்றாள். நீ அவள் இடுப்பில். நாலு வயசு இருக்கும். என் கவுனைப் பிடித்து இழுத்தாய். விடவில்லை. கோர்ட் டபேதார் வந்து உன் விரலைப் பிரித்தான்.

நான் "பார்த்துப் போம்மா" என்றேன். அவளிடம் நேராக நான் பேசியது அதுதான். ஊர்ப்பேரைச் சொன்னது பெஞ்சிடம். அவளிடம் இல்லை. இந்த வித்தியாசத்தை நீ கவனிக்க வேண்டும்.

கவனிக்கவில்லை. சரி.

தை மாதம் ஹைகோர்ட் ஜட்ஜாகப் பதவி ஏற்றேன். மறுநாள் வீட்டில் ஒரே கூட்டம். ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம். மேஜை நிறைய எலுமிச்சம்பழம். அந்த டி.எஸ்.பி.யும் வந்தான். அவனுக்கும் பிரமோஷன் ஆகியிருந்தது. பழத்தைக் கொடுத்துவிட்டுக் குனிந்து சொன்னான், "அன்னிக்கு நீங்க மட்டும் அப்படி அடிச்சுச் சொல்லலேன்னா சார், குழியத் தோண்டற வரைக்கும் போயிருப்பாங்க."

குழி என்றான். வாயில் வந்துவிட்டது. வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் அந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காபி சாப்பிட்டுப் போங்கள்" என்றேன்.

எந்தக் குழி என்று கேட்கவில்லை. அந்த டி.எஸ்.பி. செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆகையால் நீ இடத்தைக் கேட்டால் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

தண்ணீர் குடி. அந்தச் சொம்பில் இருக்கிறது. அழுவதென்றால் அழு, நான் நிறுத்துகிறேன். வேண்டாமா? சரி.

அன்றைக்கே அவளும் வந்தாள். அவன் காபி குடித்துவிட்டுப் போனான், அரை மணி கழித்து உன் அம்மா. கையில் ஒரு மஞ்சள் பை. நான் பெரிய பதவிக்குப் போனது பேப்பரில் வந்ததாம், யாரோ படித்துச் சொன்னார்களாம். தீபாவளிக்குத் தறி நிறுத்தின பத்து நாளில் அவள் சோலாப்பூர் போய்விட்டு வந்திருந்தாள். அதைச் சொல்ல வந்தாள். என்னிடம் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? நான் சொன்னேனா?

"போயிட்டு வந்துட்டனுங்க சாமி. ஊரு பெருசுங்க. இந்தத் தடவ ஸ்டேசனுக்கு இந்தப் பக்கம் மட்டுந்தேன் பாக்க முடிஞ்சுது. ஆளு கெடைக்கல. கெடைக்காம எங்க போயிருவாரு, நீங்க சொன்ன ஊருங்களே. மீதித் தெரு அடுத்த தீவாளிக்குங்க."

பையிலிருந்து ஒரு போர்வையை எடுத்து என் சம்சாரம் கையில் கொடுத்தாள். சோலாப்பூர் போர்வை. "அங்க நல்லா இருக்குமுங்க, சாமிக்குன்னு வாங்கினேன்."

விசாலாட்சி அதை எனக்கு விரித்தாள். தடியாக, நல்ல போர்வைதான். நான் டிரைவருக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். "உங்களுக்கு என்னதான் வந்துது?" என்றாள். ஒன்றும் வரவில்லை என்றேன். அவள் கொஞ்ச நாள் கழித்துக் கண்டுபிடித்துவிட்டாள். நான் எதையும் சொல்லவில்லை. என்னோடு இருபத்தைந்து வருஷம் இருந்தவள். ஒரே ஒரு தரம் சொன்னாள், "அந்தப் பொம்பளைகிட்ட சொல்லிடுங்களேன்." என்ன சொல்ல என்று கேட்டேன். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்புறம் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மறுவருஷமும் உன் அம்மா வந்தாள். அதற்கப்புறம் நான் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். ஜட்ஜ் ஆனவன் கட்சிக்காரரை வீட்டில் பார்க்கக் கூடாது. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. பிறகு கடிதம் போட ஆரம்பித்தாள். ஹைகோர்ட்டுக்கு, வடக்கே, டெல்லிக்கு, இங்கே. நான் எங்கே மாறினாலும் விலாசம் கண்டுபிடித்துவிடுவாள். எப்படிக் கண்டுபிடித்தாள்? சரி, நீதான் கண்டுபிடித்திருப்பாய். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். படிக்கவில்லை. இருபத்தாறு கடிதம்.

முதல் மூன்று யாரோ வாத்தியார் கையெழுத்து. நாலாவதிலிருந்து உன்னுடையது. மழைக்கு 'மளை' என்று போடுவாய். ஏழாவதில் திருத்திக்கொண்டாய். பதினாலாவதில் பச்சை மையில் எழுதியிருந்தாய். அந்த ஊர்த் தறிக்காரர்களில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்களாம்; நரசம்மா என்று ஒரு தெலுங்குக்காரி உன் அம்மாவுக்குத் தன் வீட்டில் படுக்க இடம் கொடுத்தாள், 'அம்மா இப்போது தெலுங்கு நன்றாகப் பேசுகிறார் ஐயா, அப்பாவைப் பற்றி அவர்கள் பாஷையிலேயே விசாரிக்கிறார்' என்று எழுதினாய். பதினேழாவதில் அந்த நரசம்மா செத்துப்போனாள்.

என்ன? கிழித்தேன் என்றுதானே சொன்னேன். கிழித்தேன். படித்துவிட்டுக் கிழித்தேன்.

நானும் அந்த ஊருக்குப் போனேன். உனக்குத் தெரியாது. வடக்கே தலைமை நீதிபதியாக இருந்தபோது பம்பாயில் ஒரு மாநாடு. இங்கே வந்திருந்தவன் ரயிலில் போனேன். காலை பத்து மணிக்கு சோலாப்பூர். தலைமை நீதிபதி போகிறான் என்றால் வழியில் இருக்கிற ஜில்லா ஜட்ஜ் ஸ்டேஷனுக்கு வந்து மாலை போட வேண்டும். அது ஒரு கண்றாவி வழக்கம். பாவம், அந்த மனுஷன் மாலையோடு நிற்கிறான். நான் அவனைப் பார்க்கவில்லை. பிளாட்பாரத்தில் போகிறவன் வருகிறவன் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோவில் இருந்த நெற்றி. இருக்காது என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் பார்த்தேன். மூட்டை தூக்கிக்கொண்டு ஒருவன் போனான். இறங்கி நாலடி பின்னால் போய்விட்டேன். ஜில்லா ஜட்ஜும் மாலையோடு என் பின்னால் வருகிறான்.

எதையாவது கேட்டுத் தொலைக்க வேண்டுமே என்று, "இங்கே தறிகளில் தமிழ்க்காரர்கள் உண்டா?" என்றேன். அவன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டான். ஒரு மாதத்தில் எனக்குத் தபாலில் பட்டியல் வந்தது, முத்திரை குத்தி. முப்பத்தொரு பேர். பெயர், அப்பா பெயர், சொந்த ஊர், தறிப் பட்டறை. மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். அங்கப்பன் என்று ஒருவன் இருந்தான். அவன் திருநெல்வேலிக்காரன். அந்தப் பெயரில் விரலை வைத்துக்கொண்டு நான் ஏன் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்? சொல். செத்த ஆளை, அவன் இல்லாத ஊரில் நான் தேடுகிறேன். அவளாவது நம்பித் தேடினாள்.

டெல்லியில் ஒரு தீர்ப்பு எழுதினேன். ஆள் காணாமல் போன வழக்கு, வேறு மாநிலம். அரசு வக்கீலின் வாய் வார்த்தையை வைத்து ஆட்கொணர்வு மனுவை முடிக்கக் கூடாது, பொறுப்பான அதிகாரி சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும், பொய்யானால் ஜெயில். நாற்பத்தாறு பக்கம். சட்டக் கல்லூரியில் பாடம். என்னோடு பெஞ்சில் இருந்தவர் கேட்டார், "இவ்வளவு கோபம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று. "அனுபவம்" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தத் தீர்ப்பால் எத்தனை பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள் தெரியுமா? அது ஒன்றுமில்லையா? ஒரு ஆளுக்குச் செய்யாததை நூறு பேருக்குச் செய்தேன். கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்தேன்.

நினைத்தேன் என்றுதான் சொன்னேன். ஆனது என்று சொல்லவில்லை.

இப்போது நீ வந்து, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்கிறாய். சொன்னால் என்ன ஆகும், யோசித்தாயா? முப்பத்துநாலு வருஷம் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். பூ வைக்கிறாள். நல்ல காரியங்களில் முன்னால் நிற்கிறாள். நான் வாயைத் திறந்தால் அன்றைக்கே அதெல்லாம் போய்விடும். ஒரு கிழவியிடமிருந்து அதைப் பிடுங்குவது யாருக்கு நல்லது? எனக்கா? உனக்கா? நான் சும்மா இருப்பது கருணை. உனக்குப் புரியாது, நீ சின்னவள்.

என்ன? சத்தமாகச் சொல்.

போன வருஷம் பிளாட்பாரத்தில் விழுந்து மூன்று மணி நேரம் கிடந்தாளா? அங்கேயா? அதை எனக்கு எழுதவில்லையே. எழுத வேண்டாம் என்றாளா? 'ஐயா வருத்தப்படுவாரு' என்றாளா?

அது என்ன சுருள்? மேஜையில் விரி. கண்ணாடியைக் கொடு. அந்தப் பேப்பர் வெயிட்டை ஓரத்தில் வை.

இது அந்த ஊரா?

நீ வரைந்ததா? நீ சர்வேயர் என்று போனில் சொன்னாய். இந்த ஊரை வரைந்து கொடுத்துக் கொடுத்துத்தான் அந்த வேலைக்கே போனாயா? தெருப்பெயரெல்லாம் தமிழில் இருக்கிறது. முக்கும் மூலையும்கூடப் போட்டிருக்கிறாய். ஸ்டேஷன். கோட்டை. தறிப் பேட்டைகள். இந்தச் சிவப்பு டிக் எல்லாம் பார்த்து முடித்த தெருவா? எல்லாத் தெருவிலும் இருக்கிறதே. ஒரு தெரு பாக்கியில்லை. முடித்துவிட்டாளா? என்றைக்கு முடித்தாள்?

பதினெட்டு வருஷத்துக்கு முன்னாலேயா.

அப்படியானால் இந்த நீல டிக்?

திரும்ப முதலிலிருந்தா. ஏன்? ஒருமுறை பார்த்தாயிற்றே. ஆள் தெரு மாறிக் குடி போயிருக்கலாம் என்றா சொன்னாள்? நாம் இந்தத் தெருவில் பார்க்கும்போது அவர் அந்தத் தெருவில் இருந்திருப்பார் என்றா? இந்தப் பச்சை மூன்றாவது சுற்றா? இன்னும் பதினோரு தெரு பாக்கியா?

பதினோரு தெரு.

மடித்து வை. வேண்டாம், மடிக்காதே. இருக்கட்டும்.

கேள். ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். விசாலாட்சிக்கும் தெரியாது. தகவல் என்று சொன்னேன் இல்லையா? தகவல் இல்லை. அந்த ஊர் பைலில் இல்லை. டி.எஸ்.பி. சொல்லவில்லை. அவன் வெளியூர் என்றான், அதுவும் இருக்கலாம் என்றான். உயிரோடு இருக்கிறான் என்று ஒருவனும் எனக்குச் சொல்லவில்லை. அதை நான் சொன்னேன். பெஞ்சு கேட்கிறது, அட்வகேட் ஜெனரல் நிற்கிறான், தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கோர்ட்டில் தெரியாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இருக்கிறான் என்றேன். எங்கே என்று அடுத்த கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. வந்தது.

அன்று காலை என் கட்டிலில் புதுப் போர்வை. விசாலாட்சி கடையில் வாங்கியது. கோட்டு மாட்டிக்கொள்ளும்போது ஓரத்தில் இருந்த முத்திரை கண்ணில் பட்டது. சோலாப்பூர். அதுதான் வாயில் இருந்தது. வந்துவிட்டது. தறிக்காரன், சோலாப்பூர், பொருத்தமாகவும் இருந்தது. வேறு போர்வையாக இருந்திருந்தால் உன் அம்மா வேறு ஊருக்குப் போயிருப்பாள்.

ஒரு வினாடி. அதற்குமேல் ஆகவில்லை. அந்த ஒரு வினாடி பொய்க்கு அவள் ஒரு பாஷையே கற்றுக்கொண்டாள்.

என்ன பார்க்கிறாய்? போனை எடு. உன் அம்மாவைக் கூப்பிடு. நீ ஒன்றும் பேசாதே. மணி அடித்ததும் என்னிடம் கொடு.

பாவாயியா? நான்தான். மார்க்கசகாயம். ஆமாம், பெரிய வக்கீல். ஆமாம், உன் பெண் இங்கேதான் இருக்கிறாள். சாப்பிட்டேன். முட்டிவலி பரவாயில்லை. எண்ணெய் எல்லாம் வேண்டாம், அனுப்பாதே. என் உடம்பு கிடக்கட்டும் பாவாயி, நான் சொல்வதைக் கேள். டிக்கெட் எடுத்துவிட்டாயா? போக வேண்டாம். டாக்டர் சொன்னதற்காக இல்லை, நான் சொல்கிறேன். அவன் சோலாப்பூரில் இல்லை.

ஆமாம். இல்லை.

இரு, ஒரு நிமிஷம்.

கோகிலவாணி, உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? 'அப்படீங்களா, சரிங்க' என்றாள். அவ்வளவு லேசாகச் சொன்னாள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். பிறகு, 'அப்ப வேற எந்த ஊருங்க சாமி?' என்று கேட்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் இருக்கிறாளாம். 'பேரச் சொல்லுங்க, இந்தப் புள்ள எழுதிக்கும்' என்கிறாள்.

கையைக் கொடு. எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல முடியாது. முட்டி கிடக்கட்டும், தூக்கு. இன்னும் கொஞ்சம். போதும், விடு. மேஜையைப் பிடித்துக்கொள்கிறேன்.

பாவாயி, கேட்கிறதா? அந்தப் பெண்ணை எழுத வேண்டாம் என்று சொல். ஊர் இல்லை. எந்த ஊரும் இல்லை. சோலாப்பூர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். பொய். அங்கண்ணன் செத்துப்போய்விட்டான், நீ கோர்ட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே. கொன்றுவிட்டார்கள். ஆறு மாதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. நீ போர்வை கொண்டுவந்த அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் உன்னைப் போகவிட்டேன். ஒவ்வொரு வருஷமும் போகவிட்டேன்.

பாவாயி?

வைக்கவில்லை. மூச்சு கேட்கிறது.

போனை நீ வாங்காதே. கையை எடு. பெஞ்சு உட்காரச் சொல்கிறவரை வக்கீல் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். அவள் ஏதாவது சொல்லட்டும். நான் நிற்கிறேன்.